நானூற்றுப் பதினேழு மூட்டை மிளகு

வழிகாட்டி தன் கடைசிப் பொய்யைச் சொல்லி முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. குடியை விட்டவனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். இவருக்கு நாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்தரை மணி. பழைய துறைமுக நகரத்தின் சுங்க வாசலுக்கு முன்னால் ஐந்து பேர் டிக்கெட்டும் கையுமாக நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். பிரித்தார். படித்தார்.

"இது சுங்க வாசல். இங்கே சுங்கம் வசூலிக்கப்பட்டது."

தாளை மடித்தார். கடல் காற்று வீசியது. எங்கோ ஒரு விசைப்படகு இருமிக்கொண்டே போனது. ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் ஒரு பருத்த அம்மாள்.

"அப்புறம்..." வழிகாட்டி தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. "அப்புறமும் வசூலிச்சாங்கம்மா."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடி ஆகியிருந்தது. நேற்றுவரை இதே இடத்தில் இருபத்திரண்டு நிமிடம் பேசுவார். தொண்டை சரியில்லாத நாளில் பதினெட்டு.

வினை முந்தைய நாள் காலையில் அலுவலகத்தில் ஆரம்பித்தது. கண்காணிப்பாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு இந்தத் தாளை நீட்டினார். தலைநகரத்திலிருந்து மூன்று பேர் கொண்ட 'உண்மை சரிபார்ப்புக் குழு' ஒன்று வந்து, மூன்று நாள் தங்கி, ஆராய்ந்து, அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அறிக்கையின்படி, வழிகாட்டியின் இரண்டு மணி நேரச் சுற்றுலாவில் பொய் மட்டும் ஒரு மணி முப்பத்தொன்பது நிமிடம். உண்மை இருபத்தொரு நிமிடம். அதிலும் பதினேழு நிமிடம் நடப்பதற்கே போய்விடும்.

"நாளையிலேருந்து இந்தத் தாள்ல இருக்கறதுக்கு மேல ஒரு எழுத்து உங்க வாயிலேருந்து வரக்கூடாது" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. "அதே சமயம், டிக்கெட்ல ரெண்டு மணி நேரம்னு அச்சடிச்சிருக்கு. படகுத்துறைக்குப் பேருந்து ஏழரைக்குத்தான் வரும். அதுக்கு முன்னாடி முடிக்கவும் கூடாது."

"அது எப்படிம்மா முடியும்?"

"இருபத்தாறு வருஷ அனுபவம் இருக்கே உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

அன்று மாலை வழிகாட்டி எல்லாப் பொய்யையும் ஒரு தரம் ஆசை தீரச் சொல்லித் தீர்த்தார். மறுநாள் தாள்.

வழிகாட்டியின் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் புகார்ப் புத்தகம். புத்தகத்தோடு கயிற்றில் கட்டிய ஒரு பென்சில். சுற்றுலாவுக்கு வந்தவர்களில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் எழுதும்போது எட்டிப் பார்க்கக் கூடாது. பென்சில் மழுங்கியிருந்தால் சீவித் தரவேண்டும். இவ்வளவும் விதி. தூக்குக் கயிற்றைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான்.

ஒருவர் பெயரில் மூன்று புகார் சேர்ந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள். வழிகாட்டியின் பெயரில் இரண்டு இருந்தது. முதலாவது, அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வந்தது: 'இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். பெருத்த ஏமாற்றம்.' அன்றைக்கு இருந்த பயத்தில் தான் என்ன பேசினோம் என்பது அவருக்கே நினைவில்லை. அந்தப் புகாருக்குப் பயந்துதான் அன்றிரவே உட்கார்ந்து கதை கட்ட ஆரம்பித்தார். இரண்டாவது புகார் பதினொரு வருடம் கழித்து வந்தது: 'சுங்க வாசல் கதை முடிவதற்குள் பேருந்து போய்விட்டது.' அதை வழிகாட்டி ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வந்தால் அருங்காட்சியகத்தில் குடையும் பையும் வாங்கி வைக்கிற அறைக்குப் போகவேண்டும். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. குடைக்கு ஒரு அட்டை, பைக்கு ஒரு அட்டை. ஆனால் அந்த அறைக்குத் தலைவர் அவருடைய மனைவியின் தம்பி. ஒன்பது வருடமாகத் தனக்குக் கீழே ஒரு ஆள் வேண்டும் என்று மனுப் போட்டுக்கொண்டிருக்கிற மச்சினன். கல்யாணத்தில் மாலையைத் தலைகீழாகப் பிடித்து நின்றான் என்று இருபத்தைந்து வருடமாக இவர் யாரைக் கிண்டல் செய்கிறாரோ, அதே மச்சினன்.

வழிகாட்டியின் கட்டைவிரல், கையிலிருந்த பித்தளை வில்லையைத் தேய்த்தது. சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கிற வில்லை அது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து அதே வில்லைதான். பயம் வந்தால் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து எண் அடியோடு மறைந்துபோய், ஸ்டாண்டுக்காரர் இப்போது முகத்தைப் பார்த்துத்தான் சைக்கிளைத் தருகிறார்.

"என்ன சார், மறந்துட்டீங்களா?" என்றாள் பருத்த அம்மாள். "போன வருஷம் நான் வந்தப்ப அந்தக் கல்யாணப் பொண்ணு கதை சொன்னீங்களே! மூணு கைக்குட்டை நனைஞ்சுது எனக்கு. இவ என் தங்கச்சி."

பக்கத்தில் விறகுக் கட்டைபோல் ஒரு மெலிந்த அம்மாள் நின்றிருந்தாள்.

"இவ பொறந்ததுலேருந்து அழுததே இல்ல. எங்கப்பா போனப்ப, ஊரே கதறுது, இவ மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, 'இன்னும் எவ்வளவு நேரமாகும்'னு கேட்டா. இவளை அழ வைக்கறதுக்குன்னே நாலு மணி நேரம் பஸ்ல கூட்டிட்டு வந்திருக்கேன். சொல்லுங்க சார்!"

வழிகாட்டியின் நாக்கு நுனிவரை வந்தது அந்தக் கதை. கப்பலில் வந்து இறங்கிய சொந்த மணப்பெண்ணையே தராசில் ஏற்றி, 'உடையக்கூடிய பொருள்' என்று எழுதிச் சுங்கம் வாங்கிய கண்டிப்பான சுங்க அதிகாரியின் கதை. அன்றிலிருந்து பதினொரு வருடம் அவனோடு பேசாமல், பேசாத ஒவ்வொரு நாளுக்கும் வாசல் சுவரில் ஒரு கோடு கிழித்தாள் அந்தப் பெண். கோடுகள் இன்றைக்கும் சுவரில் இருக்கின்றன. பாதி, கைவண்டி உரசியது. மீதி, வழிகாட்டி ஸ்க்ரூடிரைவரால் கிழித்தது.

"அப்படி ஒண்ணும் நடக்கலம்மா" என்றார். சொந்தப் பிள்ளையைத் தெரியாது என்று சொல்வதுபோல் இருந்தது.

"நடக்கலையா? அப்ப என்னோட மூணு கைக்குட்டை?"

"சபாஷ்!" என்று ஒரு குரல். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கையில் குடையும் சட்டைப் பையில் மூன்று பேனாவுமாக முன்னால் வந்தார். "இப்படித்தான் இருக்கணும். எனக்கு உண்மை மட்டும் போதும். தாள்ல இல்லாதது ஒரு வார்த்தை வந்துச்சு, புகார்ப் புத்தகத்தைக் கேப்பேன், ஆமா."

"அந்தத் தாளையே படிச்சுக்கிட்டிருந்தீங்க, நான் கேப்பேன்" என்றாள் அக்கா.

வழிகாட்டி தொழில் தந்திரம் ஒன்றை எடுத்து விட்டார். "எல்லாரும் பத்து நிமிஷம் அமைதியா வாசலைப் பாருங்க. அதுவே பேசும்."

வாசல் பேசவில்லை. அக்கா பேசினாள். தங்கையின் தோளைப் பிடித்து நிறுத்தி, சுவர்க் கோடுகளைக் காட்டி, கதையை அவளே ஆரம்பித்துவிட்டாள். அவள் கதையில் மணப்பெண் வாயும் வயிறுமாக இருந்தாள், அதுவும் இரட்டை, அதிகாரி மூன்று பேருக்குச் சேர்த்துச் சுங்கம் போட்டான். கூட்டத்தில் இருந்த புதுமணத் தம்பதி வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. வழிகாட்டி தனக்குள் சொல்லிக்கொண்டார். 'இருபத்தாறு வருஷத்தில் இரட்டை எனக்குத் தோணாமப் போச்சே!'

"கைடு! தடுக்கப் போறீங்களா இல்லையா?" என்று குடையைத் தரையில் தட்டினார் தலைமையாசிரியர்.

"பொய்ம்மா... எல்லாம் பொய்" என்று வழிகாட்டி தன் வாயாலேயே சொன்னார்.

தங்கை அழவில்லை. "மணி என்ன?" என்று கேட்டாள்.

மணி ஐந்து நாற்பத்தெட்டு.

நேரத்தை நீட்ட ஒரே வழி, நடையைக் குறைப்பது. பத்தடி போனதும் வழிகாட்டி "அம்மா!" என்று வலது காலைப் பிடித்துக்கொண்டு கல்படியில் உட்கார்ந்தார். சுளுக்கு. இனி ஆமை நடைதான், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்பது கணக்கு. தலைமையாசிரியர் முதலுதவியில் சான்றிதழ் வாங்கியவர் என்பது கணக்கில் இல்லை. அவர் பைக்குள்ளிருந்து சுருள் கட்டுத்துணியை எடுத்து, பாதத்திலிருந்து முழங்கால்வரை மம்மிக்குச் சுற்றுவதுபோல் சுற்றினார். அவர் சுற்றி முடிக்கிறவரை வழிகாட்டி மறுபக்கம் திரும்பி மனைவிக்குப் போன் செய்தார்.

"இன்னைக்குப் பூரா உண்மை மட்டும்தான் பேசணுமாம். செத்துக்கிட்டிருக்கேன்" என்றார் ரகசியமாக.

"வீட்டுல கொஞ்சம் பேசிப் பழகியிருக்கலாம்" என்றாள் மனைவி.

"விளையாடாதே. மூணாவது புகார் வந்துடும்போல இருக்கு."

"வந்தா என்ன? என் தம்பிகிட்ட வேலை பார்க்க உங்களுக்கு என்ன வலிக்குது? அவன் தங்கமான பையன். நீங்கதான் மாலை மாலைன்னு இன்னமும் சொல்லிக்கிட்டு..."

வழிகாட்டி போனை வைத்தார். எழுந்து நின்றபோது ஐந்து பேர் முகத்திலும் இரக்கம் சொட்டியது. அதுதான் ஆபத்து என்று அவருக்கு உடனே புரியவில்லை.

"பாவம், வலியோட நிக்கறாரு. சீக்கிரம் முடிச்சு அனுப்பிடுவோம்" என்றான் புதுமாப்பிள்ளை. சொல்லிவிட்டு வழிகாட்டியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, முக்கால்வாசி தூக்கிக்கொண்டே நடந்தான். வாலிபன்; கால் நீளம்.

"நீங்க பேசி அலட்டிக்காதீங்க. தாளைக் கொடுங்க, நான் படிக்கிறேன்" என்று தலைமையாசிரியர் தாளையும் பிடுங்கிக்கொண்டார். கடற்கரை மேட்டில் இருந்த பீரங்கியை, நிற்காமலே, போகிற போக்கில் முடித்தார்: "இது பீரங்கி. சுடப்படவில்லை."

நேற்றுவரை அந்தப் பீரங்கி ஒரே ஒருமுறை சுட்டிருந்தது. குண்டு எதிரிக் கப்பலைத் தாண்டி, ஆளுநர் வீட்டுச் சமையலறையில் போய் விழுந்து, அன்றைய குழம்புக்கு உப்பு சரியாகிவிட்டது என்று ஆளுநரே சமையல்காரனைப் பாராட்டினார். பதினான்கு நிமிடக் கதை. பீரங்கியைத் தாண்டும்போது வழிகாட்டி அதைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்தது, ஆளுநர் மாளிகையின் கடல் பார்த்த ஜன்னல். புதுப்பெண் இதுவரை வாயே திறக்காதவள், இங்கே முன்னால் வந்து நின்றாள். கணவனைப் பார்த்து ஒரு சிரிப்பு.

தலைமையாசிரியர் படித்தார்: "இது ஜன்னல். பிற்காலத்தில் வைக்கப்பட்டது."

சிரிப்பு நின்றது. "பிற்காலத்திலன்னா? அப்ப ஏழு வருஷம் விளக்கேத்தி வச்சுக் காத்திருந்த மாலுமியோட மனைவி?"

"தாள்ல இல்லை" என்றார் தலைமையாசிரியர்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "போன வருஷம் இந்த ஜன்னலுக்குக் கீழ நின்னுதானே சொன்னீங்க, 'அந்த விளக்கு மாதிரி நானும் உனக்காக ஏழு வருஷம் காத்திருப்பேன்'னு?"

"கைடு சார் சொன்னதைக் கேட்டுச் சொன்னேன். அதுவுமில்லாம, எட்டு மாசத்துலதான் கல்யாணம் ஆயிடுச்சே?"

"ஆகாம இருந்திருந்தா?"

"காத்திருப்பேன்."

"எந்த விளக்கு மாதிரி?"

மாப்பிள்ளை யோசித்தான். யோசித்திருக்கக் கூடாது. அவள் விறுவிறுவென்று நடந்து பத்தடி தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து நின்றுவிட்டாள். அவன் வழிகாட்டியை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினான். தோள் போனதும் வழிகாட்டி தடுமாறி, கட்டுப்போட்ட காலிலேயே திடமாக ஊன்றி நின்றார்.

"அம்மாடி, அந்த விளக்கு எரிஞ்சிருக்கவே முடியாதுன்னும் யாரும் சொல்லலையே" என்று புதுப்பெண்ணைப் பார்த்துக் கெஞ்சினார்.

"கைடு! இது தாள்ல இருக்கா?"

"இல்லீங்க."

மணி ஆறு ஐந்து. மிச்சம் இருப்பது ஒரு மிளகுக் கிடங்கும் படகுத்துறையும்தான். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். வழிகாட்டியின் வாழ்க்கையிலேயே உண்மை இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோய் அவர் பார்த்ததில்லை.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் எல்லாச் சந்தும் ஒரே மாதிரிதான். வழிகாட்டி துணிந்து, "குறுக்கு வழி" என்று சொல்லி, மாளிகையின் பின்பக்கமாக நுழைந்து, கயிறு விற்கிற தெருவில் திரும்பி, பாய்மரம் தைக்கிற கொட்டகையைச் சுற்றி, கட்டுப்போட்ட காலோடு நொண்டி நொண்டி, ஐந்து பேரையும் வந்த வழியே மறுபடி ஒரு முழுச் சுற்று அழைத்து வந்தார். முப்பது நிமிடம் கழிந்தது. அவர் மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போது தங்கை நின்றாள்.

"இந்த ஜன்னல்லதான் முன்னாடி சண்டை நடந்துச்சு" என்றாள்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நானும் யோசிச்சுக்கிட்டேதான் வரேன். சித்த முன்னாடி பார்த்த பீரங்கியும் அதே பீரங்கிதான். இன்னும் சுடலை." பிறகு அவர் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. "கைடு, நான் கட்டுப் போட்டது வலது கால்ல. நீங்க ஏன் இடது காலை நொண்டறீங்க?"

வழிகாட்டி கீழே பார்த்தார். இரண்டு காலும் அவரைக் கைவிட்டிருந்தன.

"பரவுதுங்க" என்றார்.

மிளகுக் கிடங்குக்குப் போகும்வரை புதுமணத் தம்பதி ஆளுக்கொரு ஓரமாக நடந்தது. முன்னால் தலைமையாசிரியரின் குடை மட்டும் 'டொக், டொக்' என்று, தீர்ப்புச் சொல்லப் போகிற மாதிரி, கல்லில் விழுந்துகொண்டே போனது.

கிடங்கு வாசல் பெஞ்சில் காவலாளி உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி வேலைக்கு வந்த காலத்தில் சுற்றுலாவுக்கு விளக்குத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் இவர்தான். தெருவுக்கு மின்விளக்கு வந்ததும் கிடங்குக்குக் காவல் போட்டுவிட்டார்கள். ஆனாலும் சுற்றுலாவில் அவருக்கு இன்னமும் ஒரு பங்கு உண்டு. இந்தக் கிடங்கில் பத்தாயிரம் மூட்டை மிளகு சரிந்து ஒரு கப்பல் தலைவன் புதைந்துபோனதாகவும், அவன் ஆவி இன்றைக்கும் தும்முவதாகவும் வழிகாட்டி சொல்வார். சொல்லி முடித்து மூன்று எண்ணுவதற்குள், கதவுக்குப் பின்னாலிருந்து காவலாளி தும்முவார். மூக்குப்பொடி அவர் செலவு.

வழிகாட்டியைக் கண்டதும் காவலாளி எழுந்து வந்து காதோரம், "தும்மட்டுமா சார்?" என்றார்.

"வேணாம்ணே. இனிமே எப்பவும் வேணாம்."

காவலாளி அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனார்.

தலைமையாசிரியர் தாளைத் தெருவிளக்குக்கு நேராகப் பிடித்தார். "இது கிடங்கு. இங்கே நானூற்றுப் பதினேழு மூட்டை மிளகு இருந்தது." அவர் குரல் தழுதழுத்தது. "பார்த்தீங்களா? இதுதான் வரலாறு! மேலோட்டமா நானூறுன்னு விடலை. அந்தப் பதினேழையும் எண்ணியிருக்காங்க. யாரு எண்ணினா, எப்படி எண்ணினா, எவ்வளவு பாடுபட்டிருப்பாங்க!"

நானூற்றுப் பதினேழு. அந்த எண் வழிகாட்டிக்கு எங்கோ கேட்டதுபோல் இருந்தது. உண்மை என்றால் ஒருவேளை அப்படித்தான் இருக்கும்போல, முதல்முறை கேட்கும்போதே பழகின மாதிரி என்று நினைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "தும்மலையும் எடுத்துட்டாங்களா?"

நண்பன் படுகிற பாட்டைப் பொறுக்க மாட்டாத காவலாளி, கதவுக்குப் பின்னாலிருந்து, இருபத்தாறு வருடத்தில் தும்மாத ஒரு தும்மல் தும்மினார். கூரையிலிருந்து புறா பறந்தது.

"அதோ! அவர்தான்! கப்பல்காரர்!" என்று அக்கா தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் குடை முனையால் கதவைத் தள்ளினார். உள்ளே காவலாளி, ஒரு கையில் பொடி மட்டையும் இன்னொரு கையில் மூக்குமாக நின்றார்.

"ஜலதோஷம்" என்றார்.

"புகார்ப் புத்தகம்" என்றார் தலைமையாசிரியர்.

வழிகாட்டி எடுத்துக் கொடுத்தார். பென்சில் மழுங்கியிருந்தது. சீவியும் கொடுத்தார். தலைமையாசிரியர் ஒரு முழுப் பக்கம் எழுதினார்: பொய்த் தும்மல், பொய்ச் சுளுக்கு, ஒரே பீரங்கியை இருமுறை காட்டியது. அடுத்து அக்கா வாங்கி, கல்யாணப் பெண்ணை இல்லை என்று சொல்லித் தன் கைக்குட்டைகளை அவமதித்ததாக எழுதினாள். புதுப்பெண் வாங்கி ஒரே ஒரு வரி எழுதினாள். அந்தப் பக்கம் நனைந்திருந்தது. ஒரு புகார் போதும் என்ற இடத்தில் மூன்று.

வழிகாட்டி சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றினார். இருபத்தாறு வருடமாக ஊசி ஏறி இறங்கிய இடத்தில் சட்டையில் இரண்டு ஓட்டை தெரிந்தது. ஒவ்வொரு சட்டையிலும் அதே இடத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். பட்டையைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்தார். பிறகு பழக்க தோஷத்தில், "படகுத்துறை இந்தப் பக்கம். படி வழுக்கும், பார்த்து வாங்க" என்றார்.

யாரோ விசும்புவது கேட்டது.

தங்கை. விறகுக்கட்டைபோல் நின்ற அந்தத் தங்கை, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

"அழுதுட்டா!" என்று கூவினாள் அக்கா. "கைடு சார், அழுதுட்டா! அம்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவை! ஐயோ, நீங்க தெய்வம் சார். கொண்டாங்க அந்தப் புத்தகத்தை, நான் எழுதினதை அடிச்சுடறேன்."

"எழுதினதை அடிக்கக் கூடாதும்மா" என்றார் வழிகாட்டி. "விதி."

ஏழரைக்குப் பேருந்து வந்தது. சுற்றுலா சரியாக இரண்டு மணி நேரம் நடந்து முடிந்திருந்தது. அதைக் கவனித்துப் பாராட்ட யாருமில்லை. புதுமணத் தம்பதி முன்னொன்றும் பின்னொன்றுமாக உட்கார, தங்கை இன்னும் நிறுத்தாமல் அழுதுகொண்டே ஏற, பேருந்து புறப்பட்டுப் போனது. வழிகாட்டி திரும்பி நடந்து, வழியில் மனைவிக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கிடங்கு வாசலுக்கு வந்து, காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்து, கால் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். அது வந்துகொண்டே இருந்தது.

போன் அடித்தது. மச்சினன்.

"மாமா! அக்கா எல்லாம் சொன்னா. மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றான், சந்தோஷத்தை அடக்க முடியாத குரலில். "உங்களுக்கு ஸ்டூல் துடைச்சு வச்சுட்டேன். சின்ன ஸ்டூல்தான், கொஞ்சம் ஆடும். காலையில ஒம்பதுக்கு வந்துடுங்க. முதல் நாள் பாருங்க, லேட்டா வந்தா நான் எழுதி அனுப்பறமாதிரி ஆயிடும்."

வழிகாட்டி போனை வைத்தார். கட்டைவிரல் வில்லையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

காவலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தும்மினது என் தப்பு சார். மனசு கேக்கலை. ஆனா நீங்க ஏன் முன்ன மாதிரியே சொல்லியிருக்கக் கூடாது?"

"எப்படிண்ணே சொல்றது? தலைநகரத்துலேருந்து குழு வந்து ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. இருபத்தாறு வருஷமா நான் சொன்னது எல்லாமே பொய்யாம். இதுதான் உண்மையாம்." தலைமையாசிரியர் போகும்போது திருப்பிக் கொடுத்த தாளை நீட்டினார்.

காவலாளி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் படித்தார். தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் தலையை ஆட்டினார்.

"குழுன்னா, கண்ணாடி போட்ட மூணு பேருதானே? அவங்க எங்க சார் ஆராய்ஞ்சாங்க? வெயில் தாங்கலைன்னு மூணு நாளும் இந்தப் பெஞ்சை விட்டே எழுந்திருக்கலை. 'நீ ரொம்ப நாளா இங்க இருக்கே, இந்தக் கைடு கதை கட்டறதுக்கு முன்னாடி இங்கெல்லாம் என்ன சொல்லுவாங்களோ அதை மட்டும் சொல்லு'ன்னாங்க. வாசல், பீரங்கி, ஜன்னல், கிடங்குன்னு நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க."

வழிகாட்டியின் கையில் கட்டுத்துணி நின்றது. "நீங்க சொன்னீங்களா? நானூத்திப் பதினேழு மூட்டைன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எனக்கு என்ன சார் தெரியும், வேலைக்கு வந்த முதல் நாள் நீங்க நடுங்கிக்கிட்டே உங்க கையைப் பார்த்துச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், அந்த வில்லையில அப்பல்லாம் நம்பர் நல்லாத் தெரியும்."